உள்ளே இருக்கும் களஞ்சியத்தைக் கிட் சப்மாட்யூலாக மாற்றுதல்: ஓர் எளிய விளக்கம்

ஹியூகோ என்ற தளம் உருவாக்கும் கருவியைக் கொண்டு வலைத்தளம் அமைக்கத் தொடங்குபவர்களில் பலர், தங்களுக்குப் பிடித்த ஒரு தீம், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, தளத்தின் ‘தீம்ஸ்’ கோப்புறைக்குள் போய், அங்கேயே கிட் க்ளோன் கட்டளையைக் கொடுத்து அதை இறக்கிக்கொள்கிறார்கள். (கிட் என்பது கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிவு செய்யும் கருவி; அப்படிப் பதிவாகும் கோப்புகளும் வரலாறும் சேர்ந்ததே களஞ்சியம்; ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்.) அவர்களுடைய கணினியில் தளம் ஒரு குறையும் இல்லாமல் திறக்கிறது. பிறகு மொத்தத்தையும் கமிட் செய்து, களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்புக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தால், தீம் இருக்க வேண்டிய இடத்தில் அதன் பெயர் மட்டும் அம்புக்குறிச் சின்னத்துடன் நிற்கிறது, சொடுக்கினால் திறப்பதில்லை. தளத்தை உருவாக்கித் தரும் சேவையோ, ‘நோ யூஆர்எல் ஃபவுண்ட் ஃபார் சப்மாட்யூல் பாத்’ என்ற பிழைச்செய்தியோடு வேலையை நிறுத்திவிடுகிறது. ஹியூகோவின் தொடக்க வழிகாட்டி, அனங்கே என்ற தீமை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதைச் சப்மாட்யூலாகவே, அதாவது முகவரியோடு இணைக்கப்பட்ட தனிக் களஞ்சியமாகவே, சேர்க்கச் சொல்கிறது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போனவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வருகிறது. இதே அனங்கே தீமையே நாமும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு களஞ்சியத்தை முறையான சப்மாட்யூலாக மாற்றுவது எப்படி என்று பார்க்கலாம்.

தொடங்குமுன் ஒரு சிறு குறிப்பு. கட்டளைகளை அவற்றின் ஒலிப்புப்படி தமிழ் எழுத்திலேயே இங்கே தருகிறேன். டெர்மினலில் தட்டும்போது அவை வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும்.

வெளிக் களஞ்சியம் எதைச் சேமித்தது?

‘கிட் ஆட்’ கொடுக்கும்போது கிட் ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே நுழைந்து கோப்புகளைத் திரட்டுகிறது. ஆனால் ஒரு கோப்புறைக்குள் ‘.கிட்’ என்ற மறைவான கோப்புறை இருந்தால், இது வேறொரு களஞ்சியத்தின் எல்லை என்று கருதி அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் கோப்புகளில் ஒன்றைக்கூட அது எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக, உள் களஞ்சியம் அந்த நேரத்தில் எந்தக் கமிட்டில் நிற்கிறதோ அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறது. 2017-இல் வெளிவந்த 2.14 பதிப்பிலிருந்து, இப்படி நேரும்போது ‘ஆடிங் எம்பெடட் கிட் ரெப்பாசிட்டரி’ என்று கிட் எச்சரிக்கிறது; வெளிக் களஞ்சியத்தை க்ளோன் செய்பவர்களுக்கு உள்ளடக்கம் கிடைக்காது என்பதையும், என்ன செய்ய வேண்டும் என்பதையும்கூட அந்தச் செய்தியிலேயே விளக்குகிறது. ஆனால் அது எச்சரிக்கைதானே தவிரப் பிழை அல்ல. வேலை தடைப்படாததால் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை.

என்ன குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. வெளிக் களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஸ்டேஜ் தீம்ஸ்/அனங்கே

விடையாக ஒரே ஒரு வரி வரும். அதன் தொடக்கத்தில் 160000 என்ற எண்ணும், அதையடுத்து 40 எழுத்துகள் கொண்ட ஒரு கமிட் அடையாளமும், இறுதியில் கோப்புறையின் பெயரும் இருக்கும். சாதாரணக் கோப்பு என்றால் அந்த முதல் எண் 100644 ஆக இருந்திருக்கும். இயக்கக்கூடிய கோப்பு என்றால் 100755. 160000 என்பது ‘கிட்லிங்க்’ எனப்படும் தனி வகைக்கு உரியது: இங்கே கோப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை, வேறொரு களஞ்சியத்தின் கமிட் ஒன்றைச் சுட்டும் குறிப்பு மட்டுமே இருக்கிறது என்பது அதன் பொருள். அந்த 40 எழுத்து அடையாளத்தை எடுத்து ‘கிட் கேட்-ஃபைல் -டி’ என்ற கட்டளையிடம் கொடுத்து இது என்ன என்று கேட்டால், அப்படி ஒரு பொருளைப் பற்றிய தகவலே கிடைக்கவில்லை என்று வெளிக் களஞ்சியம் கைவிரித்துவிடும். தன்னிடம் இல்லாத ஒன்றின் அடையாளத்தை மட்டுமே அது வைத்திருக்கிறது.

இப்போது பழைய பிழைச்செய்தி விளங்கும். கமிட் எது என்பது தெரியும். அது எங்கே கிடைக்கும் என்பது எழுதப்படவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை மட்டும் அச்சிட்டு ஊர்ப் பெயரை விட்டுவிட்டதற்குச் சமம் இது. உங்கள் கணினியில் தீம் ஏற்கெனவே இருப்பதால் உங்களுக்குக் குறை தெரிவதில்லை. வேறிடத்திலிருந்து க்ளோன் செய்பவருக்கு வெறும் கோப்புறைதான் கிடைக்கிறது.

சப்மாட்யூல் என்பது இந்தக் கிட்லிங்க்கும், விடுபட்டுப்போன அந்த முகவரியும் சேர்ந்ததுதான். முகவரி ‘.கிட்மாட்யூல்ஸ்’ என்ற கோப்பில் எழுதப்படுகிறது. வெளிக் களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் இருக்கும் இந்தக் கோப்பு, மற்றக் கோப்புகளைப் போலவே கமிட் செய்யப்பட்டு எல்லோரிடமும் போய்ச் சேருகிறது. அதில் ஒவ்வொரு சப்மாட்யூலுக்கும் அதன் பெயர், அது இருக்க வேண்டிய பாதை, அதன் முகவரி ஆகிய மூன்றும் இருக்கும். ஆகவே நாம் செய்யப்போகும் மாற்றத்தில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அடையாள எண் இருக்கிறது. முகவரியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த முகவரிக்குப் போகிறவருக்கு அந்த அடையாள எண் கொண்ட கமிட் உண்மையிலேயே கிடைக்குமா என்பதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம்.

மாற்றுவதற்கு முன் உள்ளே பார்க்க வேண்டியவை

‘தீம்ஸ்/அனங்கே’ கோப்புறைக்குள் செல்லுங்கள். அங்கே கொடுக்கும் ஒவ்வொரு கிட் கட்டளையும் உள் களஞ்சியத்தைத்தான் பாதிக்கும், வெளிக் களஞ்சியத்தை அல்ல. இந்த வேறுபாடு பழகும்வரை எந்தக் களஞ்சியத்தில் நிற்கிறோம் என்ற குழப்பம் அடிக்கடி வரும். அப்போது ‘கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல்’ என்று கேட்டால், நீங்கள் நிற்கும் களஞ்சியத்தின் மேல்மட்டப் பாதையை அது சொல்லிவிடும்.

முதலில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்து, கமிட் செய்யாத மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து ‘கிட் ரிமோட் -வி’ கொடுத்தால் இந்தக் களஞ்சியம் எங்கிருந்து வந்தது என்ற முகவரி தெரியும். அதன் பிறகு, பலரும் செய்யாமல் விட்டுவிடும் சோதனை இது:

கிட் ஃபெட்ச்
கிட் ப்ராஞ்ச் -ஆர் --கன்டெய்ன்ஸ் ஹெட்

இப்போது நிற்கும் கமிட், தொலைவிலுள்ள களஞ்சியத்தின் எந்தக் கிளைகளில் (தனித்தனிக் கமிட் வரிசைகளில்) அடங்கியிருக்கிறது என்பதை இரண்டாவது வரி பட்டியலிடும். ‘ஆரிஜின்/மெயின்’ என்பது போல ஒரு கிளையின் பெயராவது வந்தால் கவலை இல்லை. ஒன்றும் வராமல் வெறுமையாக நின்றால், இந்தக் கமிட் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். தீமின் நிறத்தையோ அடிக்குறிப்பையோ திருத்தி நீங்களே அதற்குள் ஒரு கமிட் போட்டிருந்தால் இதுதான் நேரும். இந்த நிலையில் அனங்கேயின் அசல் முகவரியைச் சப்மாட்யூலுக்குக் கொடுத்தால், மாற்றம் வெற்றிகரமாக முடிந்ததுபோலவே தோன்றும். ஆனால் புதிதாக க்ளோன் செய்பவர் அசல் களஞ்சியத்திடம் போய் உங்கள் கமிட்டைக் கேட்பார், அங்கே அது இருக்காது.

இதற்கு வழி, அசல் களஞ்சியத்தை கிட்ஹப்பில் உங்கள் கணக்குக்கு ஃபோர்க் செய்து (நகலெடுத்து), உள் களஞ்சியத்தின் ரிமோட்டாக (தொலைவிலுள்ள இணைக் களஞ்சியமாக) அந்த ஃபோர்க்கை வைத்து, உங்கள் கமிட்டை அங்கே புஷ் செய்துவிட்டு (அனுப்பிவிட்டு), ஃபோர்க்கின் முகவரியைச் சப்மாட்யூலுக்குக் கொடுப்பதுதான். ஹியூகோவைப் பொறுத்தவரை தீமுக்குள் கைவைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தீமில் உள்ள ஒரு வார்ப்புருவை மாற்ற விரும்பினால், தளத்தின் சொந்த ‘லேஅவுட்ஸ்’ கோப்புறையில் அதே உட்பாதையில் அதே பெயருடன் ஒரு கோப்பை வைத்தால் போதும். தீமில் உள்ளதை விடுத்து ஹியூகோ அதையே எடுத்துக்கொள்ளும். திருத்தங்களை அப்படி வெளியே கொண்டுவந்துவிட்டு, தீமை அசல் கமிட்டுக்கே திருப்பிவிட முடிந்தால், ஃபோர்க் ஒன்றைப் பராமரிக்கும் சுமை உங்களுக்கு மிஞ்சாது.

முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் யோசியுங்கள். ‘கிட் ரிமோட் -வி’ காட்டுவது, மறைச்சாவி கொண்டு நுழையும் எஸ்எஸ்ஹெச் முகவரியாக இருந்தால், அதை அப்படியே எழுதுவது பொதுக் களஞ்சியங்களுக்கு ஏற்றதல்ல. உங்கள் கணினியில் சாவி இருப்பதால் அது வேலை செய்யும். தளத்தை உருவாக்கித் தரும் சர்வரில் அந்தச் சாவி இருக்காது. எல்லோருக்கும் திறந்திருக்கும் களஞ்சியம் என்றால் எச்டிடிபிஎஸ் முகவரியே பொருத்தமானது.

மாற்றும் வேலை

இப்போது வெளிக் களஞ்சியத்தின் மேல்மட்டத்துக்குத் திரும்புங்கள். நேரடியாகச் சப்மாட்யூலைச் சேர்க்க முயன்றால், அந்தப் பாதை ஏற்கெனவே இன்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கான பட்டியலில்) இருக்கிறது என்று கிட் மறுத்துவிடும். முகவரி இல்லாமல் போட்ட பழைய கிட்லிங்க் அங்கே இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். ஆகவே முதலில் அதை அப்புறப்படுத்த வேண்டும்:

கிட் ஆர்எம் --கேஷ்டு தீம்ஸ்/அனங்கே

‘--கேஷ்டு’ என்பதை மறக்கக் கூடாது. அது இருக்கும்வரை இன்டெக்ஸில் உள்ள குறிப்பு மட்டுமே நீங்கும். வட்டில் இருக்கும் தீமின் கோப்புகளும் அதன் வரலாறும் தொடப்படுவதில்லை. பாதையின் இறுதியில் சாய்கோடு போடாமல் விடுவது நல்லது. அடுத்து:

கிட் சப்மாட்யூல் ஆட் <முகவரி> தீம்ஸ்/அனங்கே

புதிய சப்மாட்யூல் என்றால் இந்தக் கட்டளை முகவரியிலிருந்து களஞ்சியத்தை இறக்கும். ஆனால் குறிப்பிட்ட பாதையில் ஏற்கெனவே ஒரு கிட் களஞ்சியம் இருப்பதைக் கண்டால், அது எதையும் இறக்குவதில்லை. ‘ஆடிங் எக்ஸிஸ்டிங் ரெப்போ’ என்று தொடங்கும் ஒரு வரியைக் காட்டிவிட்டு, இருப்பதையே ஏற்றுக்கொள்கிறது. கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று பலர் அறிவுரை சொல்வதுண்டு. அது தேவையில்லை என்பதோடு, புஷ் செய்யாத கமிட்டுகள் உள்ளே இருந்தால் ஆபத்தும்கூட. அதே சமயம், எதையும் இறக்காததால் நீங்கள் கொடுத்த முகவரி சரியானதா என்பதையும் கிட் இங்கே சோதிப்பதில்லை. எழுத்துப் பிழையுடன் கொடுத்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளும்.

இந்த இடத்தில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்துப் பாருங்கள். தீம் முன்பே கமிட் செய்யப்பட்டு, அதன் பிறகு அதன் கமிட் மாறாமல் இருந்திருந்தால், மாற்றப்பட்டவற்றின் பட்டியலில் ‘.கிட்மாட்யூல்ஸ்’ என்ற ஒரே ஒரு புதிய கோப்புதான் இருக்கும். ‘தீம்ஸ்/அனங்கே’ என்ற பெயரே அதில் வராது. ஏதோ தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீக்கிவிட்டு மறுபடி சேர்த்த கிட்லிங்க், பழைய கிட்லிங்க்கேதான். அதே 160000, அதே அடையாள எண். முந்தைய கமிட்டோடு ஒப்பிடும்போது அதில் வேறுபாடு எதுவும் இல்லை, புதிதாகச் சேர்ந்தது முகவரி மட்டுமே. அதை வழக்கம்போல் கமிட் செய்து புஷ் செய்துவிடலாம்.

இரண்டு விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீமின் கோப்புகளையே வெளிக் களஞ்சியம் முன்பிருந்து பின்தொடர்ந்து வந்திருந்தால், அதாவது மேலே சொன்ன ‘எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளை ஒரு வரிக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான 100644 வரிகளைக் கொட்டினால், நீக்கும் கட்டளையில் ‘-ஆர்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீமின் கோப்புறையை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் எழுதி வைத்திருந்தால், சப்மாட்யூலைச் சேர்க்க கிட் மறுக்கும். அந்த வரியை அங்கிருந்து நீக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

உள் களஞ்சியத்தின் ‘.கிட்’ எங்கே இருக்க வேண்டும்?

சப்மாட்யூலாக முதலிலிருந்தே இறக்கப்பட்ட களஞ்சியத்துக்கும், நாம் இப்போது மாற்றியதற்கும் ஒரு வேறுபாடு மிச்சம் இருக்கிறது. முதல் வகையில், உள் களஞ்சியத்தின் வரலாறு முழுவதும் வெளிக் களஞ்சியத்தின் ‘.கிட்/மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் பத்திரமாக இருக்கும். தீமின் கோப்புறைக்குள் இருக்கும் ‘.கிட்’ என்பது கோப்புறையாக இல்லாமல், அந்த இடத்தைச் சுட்டும் ஒரே ஒரு வரி கொண்ட சிறிய கோப்பாக இருக்கும். நாம் மாற்றியதிலோ, முழு ‘.கிட்’ கோப்புறையும் தீமுக்குள்ளேயே தங்கிவிட்டது. இப்படியே விட்டாலும் வேலை நடக்கும். ஆனால் தீம் இல்லாத ஒரு கிளைக்கு மாறும்போதோ சப்மாட்யூலை நீக்கும்போதோ, கோப்புறையை அழித்தால் வரலாறும் சேர்ந்து அழியும் நிலை இருப்பதால், சிக்கல்கள் முளைக்கும். 2017-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது:

கிட் சப்மாட்யூல் அப்சார்ப்கிட்டர்ஸ்

இது ‘.கிட்’ கோப்புறையை உரிய இடத்துக்கு நகர்த்தி, தீமுக்குள் அந்தச் சுட்டுக் கோப்பை வைத்துவிடுகிறது. ‘மைக்ரேட்டிங் கிட் டைரக்டரி’ என்ற செய்தியைப் பார்த்தவுடன், தீமுக்குள் இருக்கும் ‘.கிட்’ கோப்பைத் திறந்து படித்துப் பாருங்கள். ‘கிட்டர்’ என்ற சொல்லும், இரண்டு படிகள் மேலேறி வெளிக் களஞ்சியத்தின் ‘.கிட்/மாட்யூல்ஸ்/தீம்ஸ்/அனங்கே’ வரை செல்லும் பாதையும் அதில் இருக்கும். இது உங்கள் கணினிக்குள் மட்டும் நடக்கும் ஒழுங்குபடுத்தல் என்பதால், இதற்காகத் தனியே கமிட் எதுவும் போட வேண்டியதில்லை.

சரியாக நடந்ததா என்று அறிதல்

உங்கள் கணினியில் தளம் திறக்கிறதா என்று பார்ப்பது இங்கே சோதனையே ஆகாது; அது முதல் நாளிலிருந்தே திறந்துகொண்டுதான் இருக்கிறது. வேறு ஏதேனும் ஒரு கோப்புறைக்குப் போய், கிட்ஹப்பிலிருந்து புதிதாக இறக்கிப் பார்க்க வேண்டும்:

கிட் க்ளோன் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் <வெளிக் களஞ்சியத்தின் முகவரி>

தீமின் கோப்புறையில் கோப்புகள் நிறைந்திருந்தால் மாற்றம் முழுமை பெற்றுவிட்டது. ‘நாட் அவர் ரெஃப்’ என்ற சொற்களுடன் பிழை வந்தால், முகவரி சரி, ஆனால் அந்தக் கமிட் அங்கே இல்லை என்று அறிந்து, மேலே சொன்ன ஃபோர்க் வழிக்குத் திரும்ப வேண்டும். முகவரியே தவறு என்றால் ‘கிட் சப்மாட்யூல் செட்-யூஆர்எல்’ கட்டளையால் திருத்தி, மறுபடி கமிட் செய்யலாம். ஏற்கெனவே சாதாரணமாக க்ளோன் செய்து வைத்திருக்கும் நண்பர்களிடம், புதிய கமிட்டைப் புல் செய்த பிறகு ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’ என்று ஒரு முறை கொடுக்கச் சொல்லுங்கள்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ் மூலம் தளத்தை உருவாக்குபவர்கள் இன்னொரு இடத்திலும் கைவைக்க வேண்டும். களஞ்சியத்தை இறக்கித் தரும் ‘செக்அவுட்’ என்ற படி, இயல்பு நிலையில் சப்மாட்யூல்களை இறக்குவதில்லை. அதன் அமைப்பில் ‘சப்மாட்யூல்ஸ்’ என்பதற்கு ‘ட்ரூ’ அல்லது ‘ரிகர்சிவ்’ என்று மதிப்புக் கொடுத்தால்தான் தீம் வந்து சேரும்.

பிறகு வரும் நாள்களில்

சப்மாட்யூல் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அனங்கேயில் நாளை ஒரு புதிய வெளியீடு வந்தாலும், உங்கள் தளம் நீங்கள் குறித்து வைத்த கமிட்டிலேயே நிற்கும். நடைமுறையில் இது ஒரு வசதி என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் யாரோ செய்த மாற்றத்தால் உங்கள் தளம் ஒரு காலையில் திடீரென்று உருமாறி நிற்காது. புதியது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யும்போது ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --ரிமோட்’ கொடுத்து, தளத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்த பின், மாறிய அடையாள எண்ணை வெளிக் களஞ்சியத்தில் கமிட் செய்ய வேண்டும்.

உங்கள் சொந்த ஃபோர்க்கில் தொடர்ந்து திருத்தம் செய்பவர் என்றால், இரண்டு செய்திகள் முக்கியம். சப்மாட்யூலை அப்டேட் செய்த பிறகு உள் களஞ்சியம் எந்தக் கிளையிலும் இல்லாமல், ‘டிடாச்டு ஹெட்’ என்ற நிலையில் நிற்கும்; திருத்தத் தொடங்குமுன் ‘கிட் ஸ்விட்ச் மெயின்’ என்று ஒரு கிளைக்கு மாறிக்கொள்ளாவிட்டால், போட்ட கமிட்டுகளைப் பிறகு தேட வேண்டிவரும். அடுத்தது புஷ் செய்யும் வரிசை: முதலில் உள் களஞ்சியம், பிறகு வெளிக் களஞ்சியம். மாற்றிச் செய்தால் இன்னும் வெளியுலகில் இல்லாத கமிட் ஒன்றை வெளிக் களஞ்சியம் சுட்டிக்கொண்டிருக்கும். ‘கிட் புஷ் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்=செக்’ என்று கொடுத்தால், உள்ளே புஷ் செய்யாதது ஏதேனும் இருக்கும்போது கிட் தடுத்து நிறுத்தும்; ஒவ்வொரு முறையும் தட்டுவதைவிட, ‘புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்’ என்ற அமைப்பில் இதை நிரந்தரமாக எழுதி வைப்பது மேல்.

மாற்றத்துக்கு முந்தைய கமிட்டுகள் பழைய நிலையிலேயே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவற்றில் கிட்லிங்க் உண்டு, ‘.கிட்மாட்யூல்ஸ்’ கிடையாது, ஆகவே பழைய கமிட் ஒன்றுக்குத் திரும்பிப் போய் ‘சப்மாட்யூல் அப்டேட் --இனிட்’ கொடுத்தால், முகவரி இல்லை என்ற அதே பிழைதான் மறுபடி வரும். இதற்காக வரலாற்றைத் திருத்தி எழுதுவது, பலர் பயன்படுத்தும் களஞ்சியத்தில் வேண்டாத வேலை. அந்தக் கமிட்டில் நின்றபடியே, இப்போதுள்ள ‘.கிட்மாட்யூல்ஸ்’ கோப்பை ‘கிட் செக்அவுட் மெயின் -- .கிட்மாட்யூல்ஸ்’ என்று வரவழைத்துவிட்டு, ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட்’ கொடுத்தால், அன்று குறித்த கமிட் முகவரியில் இன்னும் கிடைக்கும்பட்சத்தில், அன்றைய தீம் அப்படியே இறங்கிவிடும்.